படத்தை முதலில் பார்ப்பவள்

எங்கட வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் சொஃப்ட்வெயார் எஞ்சினியர். "மகன் என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால் அம்மாவுக்குப் பதில் சொல்ல இரண்டு செக்கன் போதும். தங்கச்சியைப் பற்றிக் கேட்டால்தான் சிக்கல்.

"அவ ஹொஸ்பிட்டலில வேலை."

"டொக்டரோ?"

"இல்லை, ஸ்கான் எடுக்கிற பகுதியில."

"ஓ, எக்ஸ்ரே எடுக்கிறவவோ?"

"அப்பிடித்தான். ஆனா அது இல்லை."

அதோடு கதை கலியாண வீட்டுச் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

தங்கச்சி நியூக்கிளியர் மெடிசின் டெக்னொலொஜிஸ்ட். அணு மருத்துவத் தொழில்நுட்பவியலாளர் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் கேட்பவர்கள் இன்னும் பயந்துபோவார்கள் என்பது அம்மாவின் கட்சி. "அணு" என்ற சொல்லோடு குண்டும் சேர்ந்துதானே எங்கட சனத்துக்கு ஞாபகம் வரும்.

எட்டு வருடமாக அவள் செய்யும் வேலை என்ன என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாது. கிட்டடியில் அம்மாவே அந்த மெஷினுக்குக் கீழே படுக்கவேண்டி வந்தபோதுதான் தெரிந்தது. இல்ஃபோர்டிலும் ஹரோவிலும் டொரொண்டோவிலும் ஏ லெவல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யோசிக்கும் பெற்றோருக்கும், ஸ்கான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படும் பிள்ளைகளுக்கும் உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாவது தெரிவு

இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது யூகாஸ் படிவத்தில் ஐந்து தெரிவுகள் போடலாம். ஆனால் மருத்துவத்துக்கு நாலுதான் போடலாம். ஐந்தாவது இடத்தில் வேறு ஏதாவது போடவேண்டும். எங்கட வீடுகளில் அந்த ஐந்தாவது இடத்தை ஒருவரும் பெரிதாக யோசிப்பதில்லை. அது சும்மா ஒரு காவல்.

தங்கச்சிக்கு நாலு இடத்திலும் கிடைக்கவில்லை. ஐந்தாவது இடத்தில் அவள் போட்டிருந்தது ஹெல்த்கெயார் சயன்ஸ் என்ற பட்டம். அதில் கதிரியக்கப் பிரிவை எடுத்தால் நியூக்கிளியர் மெடிசினுக்குப் போகலாம். பௌதிகம் அவளுக்கு விருப்பமான பாடம். ஆனால் அந்த ஓகஸ்ட் மாதம் எங்கட வீட்டில் யாரும் அவளிடம் விருப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை. அம்மா "ஒரு வருசம் நிண்டு திரும்பப் போடன் பிள்ளை" என்றார். அவள் நிற்கவில்லை.

மூன்று வருடப் படிப்பு. அதில் பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. முடித்து என்எச்எஸ்ஸில் பாண்ட் 5 இல் தொடங்கி, இப்போது பாண்ட் 6. ரேடியோகிராபர் என்ற பெயருக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் எச்சிபிசியில் கட்டாயம் பதிய வேண்டும். கிளினிக்கல் டெக்னொலொஜிஸ்ட்டுகளுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. சட்டப்படி அது விருப்பப் பதிவுதான். ஆனாலும் வேலைக்கு எடுப்பவர்கள் அதைப் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். ரேடியோகிராபி படித்தவர்களும் பிறகு இந்தத் துறைக்குள் வரலாம். அதனால்தான் அம்மா சொல்லும் "அப்பிடித்தான், ஆனா அது இல்லை" உண்மையில் சரியான பதில்.

காலையில் பால் கறக்கும் வேலை

அவள் இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் எலிசபெத் லைன் பிடிக்கும்போது நான் போர்வைக்குள் இருப்பேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

இந்த வேலையின் மையப் பொருள் டெக்னீசியம்-99எம். டெக்னீசியம் 1937இல் கண்டுபிடிக்கப்பட்ட மூலகம். இத்தாலியின் பலேர்மோவில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும், அமெரிக்காவின் பெர்க்லியில் சைக்கிளோட்ரோனுக்குள் இருந்து வந்த ஒரு மொலிப்டினத் தகட்டில் அதைக் கண்டார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் மூலகம் அது. அந்த நேரம் இதனால் என்ன பயன் என்று யாருக்கும் தெரியாது. இன்று உலகத்தில் நடக்கும் நியூக்கிளியர் மெடிசின் ஸ்கான்களில் பெரும்பாலானவை இதை வைத்துத்தான்.

இதன் கதிர்வீச்சு 6 மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். 12 மணித்தியாலத்தில் கால் பங்கு. 24 மணித்தியாலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நோயாளிக்கு அது நல்லது, வெகு நேரம் உடம்புக்குள் நிற்காது. ஆனால் கடையில் வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது. அதற்குத்தான் ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் என்றால் மின்சாரம் தருவது இல்லை. ஒரு வாளி அளவில் கனமான ஈயக் கவசம். அதன் நடுவில் அலுமினா நிரப்பிய சிறிய குழாய். அந்த அலுமினாவில் மொலிப்டினம்-99 ஒட்டிக்கொண்டிருக்கும். அது பாதியாகக் குறைய 66 மணித்தியாலம் எடுக்கும். குறையக் குறைய டெக்னீசியமாக மாறும். குழாய்க்குள்ளால் சேலைன் தண்ணியை ஓடவிட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும், மொலிப்டினம் அங்கேயே நிற்கும். அடுத்த நாள் காலையில் திரும்பவும் ஊறியிருக்கும். இதை உலகம் முழுக்கப் பால் கறப்பது என்றுதான் சொல்லுகிறார்கள். ஊரில் அம்மம்மா விடிய எழும்பி மாட்டடிக்குப் போனது போல என் தங்கச்சி விடிய எழும்பி இந்த மாட்டடிக்குப் போகிறாள். ஒரு கிழமையில் மாடு வற்றிவிடும், புது மாடு வரும்.

கறந்த பாலை அப்படியே கொடுப்பதில்லை. மொலிப்டினம் கலந்து வந்துவிட்டதா என்று முதலில் சோதிப்பார்கள். பிறகு எந்த உறுப்புக்குப் போகவேண்டுமோ அதற்கேற்ற மருந்தோடு சேர்ப்பார்கள். எலும்புக்கு ஒரு பொஸ்பொனேட் மருந்து, சிறுநீரகத்துக்கு இன்னொன்று, நுரையீரலுக்கு இன்னொன்று. டெக்னீசியம் ஒரு டோர்ச் லைட் மாதிரி. அதை எந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது என்று தீர்மானிப்பது அந்த மருந்து.

எக்ஸ்ரேயில் மெஷினிலிருந்து கதிர் வந்து ஆளுக்குள்ளால் போகும். இங்கே தலைகீழ். ஊசி போட்ட ஆளிடமிருந்து கதிர் வெளியே வரும், மேலே இருக்கும் காமா கமரா அதைப் பிடிக்கும். கமரா ஒன்றையும் வெளிவிடுவதில்லை. எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைக் காட்டும். இந்தப் படம் எலும்பு எங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும்.

அவள் படிக்கும்போது ஒருநாள் "அண்ணா, இந்தக் கணக்கைச் சரிபார்" என்று கேட்டாள். எனக்கு அது இரண்டு வரி கோட். ஒரு மணித்தியாலம் பிந்தினால் டெக்னீசியத்தில் 11 சதவீதம் போய்விடும். பெட் ஸ்கானுக்குப் பாவிக்கும் ஃபுளோரின்-18 என்றால் 110 நிமிடத்தில் பாதி. அதில் ஒரு மணித்தியாலம் பிந்தினால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். இலக்கத்தைப் பார்த்துவிட்டு லப்டொப்பை மூடினேன். அந்த இலக்கத்துக்குப் பின்னால் றோட்டில் ட்ராஃபிக்கில் நிற்கும் ஒரு நோயாளி இருக்கிறார் என்பதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மொலிப்டினம் உலகத்தில் ஒரு சில அணு உலைகளில்தான் பெருமளவில் செய்யப்படுகிறது. பிரித்தானியாவில் அப்படி ஒரு உலை இல்லை. 2009 மே மாதம் கனடாவின் சோக் ரிவர் உலை பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் மூடப்பட்டபோது உலகமே தட்டுப்பட்டது. 2024 ஒக்டோபரில் நெதர்லாந்தின் பெட்டன் உலை நேரத்துக்குத் திரும்ப இயங்காததால் இங்கேயும் தட்டுப்பாடு வந்தது. அந்த நாட்களில் யாருக்கு இந்தக் கிழமை, யாருக்கு அடுத்த கிழமை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லவேண்டி வந்தது. வீட்டுக்கு வந்து அவள் தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் படுத்த நாட்கள் அவை.

இல்ஃபோர்டுக்கும் இதுக்கும் ஒரு சொந்தம்

ஒரு சின்ன ஊர்ப் புழுகு. கமரா வைத்திருப்பவர்களுக்கு "இல்ஃபோர்ட்" என்ற பெயர் தெரியும். 1879இல் அல்ஃபிரட் ஹார்மன் எங்கட இந்த ஊரில் தொடங்கிய புகைப்படத் தட்டுத் தொழில்தான் பிறகு இல்ஃபோர்ட் கம்பனியானது. ரோடன் ஸ்ட்ரீட்டில் தொழிற்சாலை இருந்தது. 1970களில் அது மூடப்பட்டது. இந்தக் கம்பனியின் தட்டுகளைத்தான் கல்கத்தாவின் டி.எம். போஸும் பிபா சௌதுரியும் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் வைத்து, வானத்திலிருந்து வரும் கதிர்களின் தடத்தைப் பார்த்தார்கள். 1947இல் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு, இல்ஃபோர்ட் விசேடமாகச் செய்து கொடுத்த தட்டுகளில்தான் பை-மேசோன் என்ற துகளைக் கண்டது. பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரைப் படமாக்கும் வேலை எங்கட ஊருக்குப் புதிதில்லை.

தங்கச்சியின் சட்டையில் எப்போதும் ஒரு பட்ஜ் இருக்கும். விரலில் மோதிரம் மாதிரி இன்னொன்று. அவள் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினாள் என்று அவை பதியும். இந்த வேலையில் பழைய காலத்துப் பட்ஜுகளுக்குள் இருந்ததும் ஒரு துண்டு ஃபிலிம்தான்.

சொந்தக்காரருக்கு முதலில் வரும் பயம் இதுதான்: "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம், குழந்தை..." நானும் அவளிடம் கேட்டேன். சட்டப்படி இந்த வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் எல்லை. அவளுடைய அறிக்கை ஒவ்வொரு வருடமும் அதுக்கு எவ்வளவோ கீழே. கர்ப்பம் என்று அறிவித்தால், மிச்ச மாதங்களில் சிசுவுக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றிக் கொடுக்கவேண்டும். நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் கவசம் வை. இந்த மூன்றும்தான் அவளுடைய நாளாந்தம். ஊசிக்குழாயைச் சுற்றிக்கூட டங்ஸ்டன் உறை இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு நோகிறது என்பதுதான் அவளுடைய முறைப்பாடு, கதிர்வீச்சு இல்லை.

அம்மாவின் நாரி நோ

அம்மாவுக்கு ஆறு வருடத்துக்கு முதல் மார்புப் புற்றுநோய் வந்தது. ஒப்பரேஷன், ரேடியோதெரபி, மாத்திரை எல்லாம் முடிந்து நல்லாக இருந்தார். போன இலையுதிர்காலத்தில் நாரி நோ தொடங்கியது. முதலில் தைலம். பிறகு கனகாம்பிகை அம்மனுக்கு நேர்த்தி. பிறகுதான் ஜிபி. அவர் பழைய வருத்தத்தைப் பார்த்துவிட்டுக் கிளினிக்குக்கு எழுதினார். கிளினிக் எலும்பு ஸ்கானுக்கு எழுதியது. மார்புப் புற்றுநோய் பரவினால் அது அடிக்கடி போகும் இடங்களில் எலும்பும் ஒன்று. அதை ஒருவரும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடிதம் வந்தது தங்கச்சியின் பகுதியிலிருந்து.

அம்மாவுக்குச் சந்தோஷம். "அப்ப நீயே ஊசியைப் போடன். உனக்கு என்ர நரம்பு தெரியும்தானே."

"இல்லை அம்மா. நான் செய்யக்கூடாது."

அன்றைக்கே அவள் தன் மனேஜரிடம் சொன்னாள். தன் அம்மாவின் ஸ்கான் வருகிறது, தான் அதில் கை வைக்கமாட்டேன், அன்று லீவு எடுத்து மகளாக வருவேன் என்று. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. "சொந்தப் பிள்ளை இருக்க வேறை ஆள் எதுக்கு?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

ஸ்கான் நாள் மூன்று பேரும் போனோம். ஊசிக்கு முதல் பெயர், பிறந்த திகதி, விலாசம் மூன்றையும் நோயாளியே சொல்லவேண்டும். அம்மா தன் பெயரைச் சொன்னார். கடவுச்சீட்டில் அம்மம்மாவும் அப்பப்பாவும் வைத்த பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயர் இருக்கிறது. பிறந்த திகதியையும் உண்மையானதைச் சொன்னார். கடவுச்சீட்டில் இருப்பது வேறு. ஊசியோடு வந்தவர் நின்றுவிட்டார். கதவுக்கு வெளியே நின்ற தங்கச்சி உள்ளே வரவில்லை. நான்தான் போய் விளங்கப்படுத்தினேன். பிறகு அவள் சொன்னாள், பிழையான ஆளுக்குக் கதிரியக்க ஊசி போட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த ஒரு நிமிடம் நிற்பதுதான் நல்ல வேலைக்காரி என்று.

ஊசி போட்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மருந்து எலும்பில் போய் ஒட்டவேண்டும், மிச்சம் சிறுநீரில் போகவேண்டும். அதனால் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னார்கள். இந்த ஸ்கானின் அளவு ஏறக்குறைய 3 மில்லிசீவெர்ட். பிரித்தானியாவில் ஒரு ஆள் சராசரியாக வருடத்துக்கு எல்லா வழியாலும் வாங்குவது 2.7. அம்மா கவலைப்பட்டது அதைப் பற்றி இல்லை. என் இரண்டு வயது மகளை அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று சொன்னதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

ஒரு மணிக்கு உள்ளே போனார். நாற்பது நிமிடம் அசையாமல் படுக்கவேண்டும். முடிந்துவிட்டது என்று நாங்கள் கோட்டைக் கையில் எடுத்தபோது அந்த டெக்னொலொஜிஸ்ட் வந்து, நாரிப் பக்கம் இன்னொரு படம் எடுக்கவேண்டும், சீட்டியோடு சேர்த்து, இன்னும் அரை மணித்தியாலம் என்றார்.

நான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த கைகழுவும் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்ட உதவி

அன்றிரவு அம்மா படுத்தபிறகு கேட்டேன். "ஏன் ரெண்டாவது படம் எடுத்தவை?"

"பல காரணம் இருக்கலாம்."

"நாளைக்கு நீ வேலைக்குப் போவாய்தானே. ஒருக்காத் திறந்து பார். ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் கோபப்படவில்லை. "அண்ணா, உன்ர வேலையில நீ ஒரு கஸ்டமரிட டேட்டாவை சும்மா திறந்து பார்ப்பியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கட அலுவலகத்தில் யார் எந்தத் தகவலை எப்போது திறந்தார்கள் என்று பதியும் பகுதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருபவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுப்பவனும் நான். ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு கிளிக்கும் பதியும். காரணமில்லாமல் சொந்தக்காரரின் கோப்பைத் திறந்தால் வேலை போகலாம். அது எனக்கு அவளை விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"வேலை போறது ஒரு பக்கம்," என்றாள். "நான் பார்த்து ஒண்டும் இல்லை எண்டு சொன்னா, நீ நம்புவாய். ஆனா அது ரிப்போர்ட் இல்லை அண்ணா, என்ர ஆசை. நான் படம் எடுக்கப் படிச்சனான். வாசிச்சுச் சொல்லுறது டொக்டர். அதுவும் என்ர அம்மாட படத்தை என்னால ஒழுங்காப் பார்க்கேலாது."

பிறகு ஒன்பது நாள். நாங்கள் இரண்டு பேரும் உப்பு, புளி, பின் என்ன என்ற அளவில்தான் கதைத்தோம். எனக்கு அவளில் கோபம். சரியான ஆளில்தான் கோபப்படுகிறேனா என்று எனக்கே சந்தேகம்.

ஐந்தாம் நாள் அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டு கேட்டார். "நீ அவளைப் பார்க்கச் சொல்லிக் கேட்டனியோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"இனிக் கேக்காத. எனக்கு முதல் அவளுக்குத் தெரிஞ்சா, அவள் என்னெண்டு எனக்கு முன்னால சிரிப்பாள்?"

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு அவளுடைய வேலை விளங்கியது. எட்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அவள் செய்வது அதுதான். மற்றவர்களின் அம்மாக்களின் படங்களை முதலில் பார்ப்பவள் அவள். டொக்டருக்கு முதல், அந்த ஆளுக்கு முதல், குடும்பத்துக்கு முதல். படம் தெளிவாக இருக்கிறதா, ஆள் அசைந்தாரா, இன்னொரு கோணம் வேண்டுமா என்று பார்க்கத்தான் அவள் பார்க்கிறாள். ஆனால் கண் அதோடு நிற்குமா? பார்த்துவிட்டு, சப்பாத்து போட உதவி செய்து, "கவனமாப் போங்கோ" என்று சொல்லி அனுப்பவேண்டும்.

பிறகொருநாள் அவள் ஒரு கதை சொன்னாள். வேலைக்குப் புதிதில் ஒரு தமிழ் அன்ரி "எப்பிடிப் பிள்ளை இருக்கு?" என்று கேட்க, இவள் "படம் நல்லா வந்திருக்கு அன்ரி" என்றாளாம். அன்ரி வெளியே போய் "எல்லாம் நல்லா இருக்காம்" என்று மகனுக்கு ஃபோனில் சொன்னது இவளுக்குக் கேட்டது. ஓடிப்போய்த் திருத்துவதா, விடுவதா என்று தெரியாமல் நின்றாளாம். கடைசியில் போய்ச் சொன்னாள். அன்ரியின் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் "நல்லா" என்ற சொல்லையே அந்த அறைக்குள் பாவிப்பதில்லை. "படம் எடுத்து முடிஞ்சுது, டொக்டர் பார்த்துக் கடிதம் அனுப்புவார்" என்பதுதான் அவளுடைய வசனம். சிரிப்பும் எல்லாருக்கும் ஒரே அளவு.

பத்தாம் நாள் கிளினிக். டொக்டர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். நாரியில் இரண்டு இடம் பிரகாசமாக இருந்தது. எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் எந்த இடமும் இப்படித்தான் தெரியுமாம், அது தேய்மானமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இரண்டாவது படம். சீட்டியோடு சேர்த்துப் பார்த்தபோது மூட்டுத் தேய்மானம் என்று தெளிவாகத் தெரிந்தது. பரவியதற்கு அடையாளம் இல்லை. இரண்டாவது படம் என்றவுடன் நான் பத்து நாளாகக் கட்டிய கதை முழுக்கப் பிழை.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அப்ப இந்த நாரி நோ போகாதோ டொக்டர்?"

வெளியே வந்து தங்கச்சி அழுதாள். கார் பார்க்கில், டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில், நல்லாக அழுதாள்.

உங்கட வீட்டிலும் கடிதம் வந்தால்

தங்கச்சியிடம் கேட்டு எழுதிய சில விஷயங்கள்:

நேரத்துக்குப் போங்கள். உங்களுக்கென்று அளந்து வைத்த மருந்து ஒவ்வொரு நிமிடமும் குறைகிறது. வரமுடியாவிட்டால் முதலே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள், அந்த மருந்து இன்னொருவருக்குப் பயன்படலாம்.

அம்மா அப்பாவுக்குக் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரையும் பிறந்த திகதியையும் முதல்நாளே சொல்லிக் கொடுங்கள். எங்கட ஆட்களிடம் இரண்டு பெயரும் இரண்டு பிறந்த நாளும் இருப்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முதல் கட்டாயம் சொல்லவேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்கிறா என்று வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். தனியாகக் கதைக்கவேண்டும் என்று கேட்கலாம்.

மொழி பெயர்க்க ஆள் வேண்டுமென்றால் கடிதம் வந்தவுடனே கேளுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது அம்மா பயப்படுவார் என்று பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நானும் விழுங்கியிருக்கிறேன்.

ஸ்கான் முடிந்து ஒரு சில நாளுக்குள் விமானம் ஏறுவதென்றால் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். சில விமான நிலையங்களில் இருக்கும் கதிர்வீச்சுக் கருவிகள் சத்தம் போடலாம்.

தைரொயிட்டுக்குக் கொடுக்கும் அயடின்-131 வேறு விஷயம். அது பாதியாகக் குறைய 8 நாள் எடுக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எத்தனை நாள் தள்ளியிருக்கவேண்டும் என்று அவர்கள் தரும் அறிவுரையை அப்படியே கேளுங்கள். "எங்களுக்கு ஒண்டும் செய்யாது" என்று பேரப்பிள்ளையைத் தூக்கவேண்டாம்.

கடைசியாக, படம் எடுக்கும் பிள்ளையிடம் "எப்பிடி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அவர்களால் சொல்ல முடியாது. சொல்லாததை வைத்து நீங்கள் ஒரு கதை கட்டுவீர்கள். எப்போது, யாரிடமிருந்து முடிவு வரும் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு.

ஏ லெவல் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஒன்று. பௌதிகமும் பிடிக்கும், மனிசரோடு கதைக்கவும் பிடிக்கும், டொக்டர் ஆகவேண்டுமென்று இல்லை என்றால், இந்த வேலையைப் பற்றி ஒரு தரம் தேடிப்பாருங்கள். இங்கே மட்டுமில்லை, மும்பையில் 1963இலேயே கதிர்வீச்சு மருத்துவத்துக்கென்று தனி நிலையம் தொடங்கிவிட்டார்கள். வேலூர் சிஎம்சியிலும் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஐந்தாவது தெரிவை யோசித்துப் போடுங்கள். சிலவேளை அதுதான் சரியான தெரிவாக இருக்கும்.

போன மாதம் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் வழக்கம்போலக் கேட்டார், மகள் என்ன செய்யிறா என்று. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவ நியூக்கிளியர் மெடிசின்," என்றார் அம்மா. "ஊசி போட்டு உள்ளுக்க வெளிச்சம் ஏத்தி, எலும்பையெல்லாம் படம் எடுக்கிற வேலை."

"ஓ! அப்ப வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு அவவுக்கு உடன தெரியுமே?"

"தெரியும்," என்றார் அம்மா. "ஆனா சொல்லமாட்டா."

அதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் இருந்தது குறை இல்லை.